எங்க ஊருக்கு டவர் எப்ப வரும்?

ரெண்டு வாரமாக ஒரு விஷயம் தொண்டையிலேயே நிற்கிறது. இங்கே எழுதினால்தான் இறங்கும் போலிருக்கிறது.

அதற்கு முன் ஒரு உண்மை. தொழில்நுட்பச் செய்திகளை நான் படிப்பதே இல்லை. அதன் கீழே வருகிற கமென்ட்டுகளை மட்டும்தான் படிக்கிறேன். செய்தியில் என்ன இருக்கப் போகிறது? போன மாதம் வந்த போனைவிட இந்த மாதம் வந்த போன் ஒரு நூல் மெலிசு. அதைச் சொல்ல நாலு பத்தி, ரெண்டு வீடியோ. சரக்கெல்லாம் கீழேதான் இருக்கிறது.

'மனிதனைப் போலவே யோசிக்கும் கணினி தயார்' என்று ஒரு செய்தி. கீழே ஒருவர் கேட்கிறார் – "எந்த மனிதன்? எங்க மேனேஜர்னா வேண்டாம்." மூன்றாக மடிக்கிற போன் வந்தது. "தவணையையும் மூணா மடிச்சுத் தருவாங்களா?" என்றார் இன்னொருவர். இனி பாஸ்வேர்டே வேண்டாம், முகம் போதும் என்றார்கள். உடனே ஒரு பெண் எழுதினார் – "கல்யாண மேக்கப்ல போனப்ப என்னை எங்க வூட்டு நாயே உள்ள விடல."

ஒரு தடவை இலவச மென்பொருள் நல்லதா, காசு கொடுத்து வாங்குவது நல்லதா என்று ரெண்டு நாள் போர். ஒருவர் சுதந்திரம் என்றார். மற்றவர் பாதுகாப்பு என்றார். பிறகு இருவரும் ஒருவர் குடும்பத்தை ஒருவர் விசாரிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் ஒரு அம்மா வந்து, "ரெண்டு பேரும் முடிச்சிட்டு வந்து எங்க ஆபீஸ் பிரின்டரை ஓட வைங்க" என்று போட்டார். சண்டை அங்கேயே நின்றுவிட்டது. பிரின்டர் பக்கம் போக இரண்டு கட்சியிலும் ஆள் இல்லை.

இப்படிப்பட்ட கமென்ட் உலகத்தில் எங்கள் கள்ளக்குறிச்சிக்கும் ஒரு பிரதிநிதி உண்டு. இலியாஸ் பாய். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர், இன்னொரு கையில் கமென்ட்.

அவர் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. 'அலைவரிசை அலுவலர்' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார். முகப்புப் படத்தில் நாடா கட்டிய ஒரு கோப்புக் கட்டு. எழுதுவதெல்லாம் சுத்தமான ஆபீஸ் தமிழ். 'தங்கள் கருத்து கோப்பில் சேர்க்கப்பட்டது. கோப்பு தேடப்பட்டு வருகிறது' என்று அவர் போட்டால் சிரிப்புப் பொம்மைகள் கொட்டும். அவர் எழுதுகிற அந்தச் செய்திப் பக்கத்தை நடத்துகிறவர்களுக்குக்கூட அத்தனை லைக் வந்து நான் பார்த்ததில்லை.

அதே பக்கத்தில் இன்னொரு பிரபலமும் இருந்தார். பெயர் லட்சுமணன். அவர் எழுதுவது ஒரே வரி. எந்தச் செய்தியாக இருந்தாலும் அதே வரி – 'எங்க ஊருக்கு டவர் எப்ப வரும்?'

முகம் பார்த்துத் திறக்கும் பூட்டா? எங்க ஊருக்கு டவர் எப்ப வரும்? கவிதை எழுதும் ரோபோவா? எங்க ஊருக்கு டவர் எப்ப வரும்? என்ன டைமிங் பாருங்கள் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். நாளடைவில் மற்றவர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். கிரிக்கெட் ஸ்கோருக்குக் கீழே போட்டார்கள். யாரோ ஒருவருடைய பிறந்தநாள் வாழ்த்துக்குக் கீழேயும் போட்டார்கள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். பெரிய நகைச்சுவையாளர், எங்கோ சென்னையில் ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

நிலாவிலிருந்து வீடியோ கால் பேசலாம் என்ற செய்தி வந்த அன்றைக்கு லட்சுமணன் வழக்கம்போல் வந்து கேட்டார். பாய் சும்மா இருப்பாரா? 'தங்கள் மனு கிடைக்கப்பெற்றது. கோபுரம் அமைக்க ஏதுவாக, லாரி திரும்பும் அளவுக்குச் சமதளமான இடத்தை, முட்செடிகள் அகற்றித் தயார் நிலையில் வைக்கவும். இப்படிக்கு, அலைவரிசை அலுவலர்.' அன்றைக்கு அந்தப் பக்கமே அதிர்ந்தது.

இப்போது ரெண்டு வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். என் போனுக்குக் கண்ணாடி ஒட்ட பாய் கடையில் உட்கார்ந்திருந்தேன். முப்பது வயது இருக்கும், ஒருவர் வந்தார். கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி இன்னும் உள்ளே ஒரு ஊர். சின்னசேலத்தில் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஃபேக்டரிக்கு மரவள்ளிக் கிழங்கு லோடோடு வந்தவர், போன் சார்ஜ் ஏறவில்லை என்று கொண்டுவந்திருந்தார்.

பாய் அதைச் சுத்தம் செய்து கொடுத்தார். சார்ஜ் ஏறியது. வந்தவர் போகவில்லை. போனில் எதையோ எடுத்து, கொஞ்சம் தயங்கி, பாயிடம் நீட்டினார்.

"நீங்க போன் லைன்ல இருக்கறவங்க, தெரிஞ்சிருக்கும். இந்த ஆபீசரு எங்க உக்காந்திருப்பாருங்க?"

நான் எட்டிப் பார்த்தேன். நாடா கட்டிய கோப்புக் கட்டு.

சிரிப்பு வந்தது. ஆனால் அவர் அடுத்த படத்தைத் தள்ளிவிட்டார். அதில் பத்திருபது பேர் வெயிலில் புதர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த படத்தில் வேரோடு பிடுங்கிய முள் ஒரு பக்கம் குவிந்து கிடந்தது. பிறகு கல் பொறுக்கி, மண் நிரவி, ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட ஒரு பெரிய இடம். லாரி என்ன, ரெண்டு லாரி திரும்பலாம்.

ஊரே சேர்ந்து செய்ததாம். அரசாங்கம் சொன்ன மாதிரியே இடத்தைத் தயார் செய்துவிட்டார்களாம். ஆபீசரிடம் நேரில் சொல்லிவிட்டால் லாரியை அனுப்பிவிடுவார் இல்லையா, அதற்குத்தான் விலாசம் கேட்கிறார்.

சென்னை ஏசி ரூம் நகைச்சுவையாளர் என் முன்னால் கிழங்கு மண் ஒட்டிய கைலியோடு நின்றுகொண்டிருந்தார்.

அவர் ஊரில் போன் பேச வேண்டுமானால் கரட்டின் மேல் ஒரு பாறைக்கு ஏற வேண்டும். அதிலும் காற்று அடிக்கிற பக்கமாகத் திரும்பி நின்றால்தான் சிக்னல் ஒரு கோடு வரும். மற்றபடி லோடோடு கீழே இறங்குகிற நாளில்தான் போனுக்கு உயிர் வரும். அப்போது கண்ணில் படுகிற போன் செய்தி எல்லாவற்றிலும் போய்க் கேட்டுவிடுவாராம். ஏதோ ஒரு இடத்தில் சம்பந்தப்பட்டவர்கள் பார்ப்பார்கள் அல்லவா?

கடைசிப் படத்தில் மர நிழலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. மனைவி என்றார். பங்குனியில் தேதி சொல்லியிருக்கிறார்கள்.

"மொத புள்ளைக்கு வலி வந்தப்ப ஆம்புலன்சுக்குப் போன் பண்ணப் பாறைக்கு ஓடினேன். ஒரு கோடு கெடைக்கல. லோடு வண்டியிலதான் ஏத்திக்கினு வந்தோம். வழியிலயே, கெழங்கு மூட்டை மேல பொறந்துச்சி. ரெண்டாவதாவது கட்டில்ல பொறக்கட்டும்னு பாக்கறேங்க."

சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரித்தார். நாங்கள் ரெண்டு பேரும் சிரிக்கவில்லை.

பாய் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். தெரியாது, போய் விசாரியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர்தான் அலுவலர் என்று யாருக்குத் தெரியும், என்னைத் தவிர? அப்படித்தான் தப்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"அந்த ஆபீசரு நான்தாங்க. தமாசுக்கு எழுதினேன்" என்றார் பாய்.

லட்சுமணன் போனைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். கடையைச் சுற்றிப் பார்த்தார். தொங்குகிற சார்ஜர்கள், பூப்போட்ட பவுச்சுகள், பழைய பேட்டரிகள். ஆபீஸ் மாதிரி எதுவும் இல்லைதான்.

"அப்ப இடத்த சுத்தம் பண்ணச் சொன்னது?"

"அதுவும் தமாசுதாங்க."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். திட்டவாவது செய்வார் என்று நினைத்தேன். திட்டினால் பாய் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் இலகுவாகியிருப்பார். அந்த மனிதர் அதற்கும் வழி விடவில்லை.

"பரவாயில்ல பாய். நான் கேட்டதுக்கு எல்லாரும் சிரிச்சிக்கினுதான் போனாங்க. இன்னா பண்ணணும்னு சொன்னது நீங்க ஒருத்தருதான்."

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நன்றி மாதிரிதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாய் எழுந்து உள்ளே போய், ஒன்றும் இல்லாத அலமாரியில் எதையோ வெகு நேரம் தேடினார்.

நமக்கெல்லாம் ஒரு நினைப்பு இருக்கிறது. ஒன்றைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அதைக் கவனித்துவிட்டோம் என்று நினைப்பு. நறுக்கென்று ஒரு வரி போட்டால் சமூகத்துக்கு ஏதோ செய்துவிட்டோம் என்று நினைப்பு. டவர் இல்லாதவனுக்கு நகைச்சுவை உணர்வு அபாரம் என்று நாமே ஒரு சான்றிதழையும் கொடுத்துவிடுகிறோம். கட்டணம் கிடையாது.

அடுத்த திங்கட்கிழமை பாய் கடையைச் சாத்தினார். கலெக்டர் ஆபீசில் அன்றைக்குத்தான் மனு வாங்குவார்கள். லட்சுமணனையும் ஊர்க்காரர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். மனுவை பாயே எழுதினார். இத்தனை வருஷமாக விளையாட்டுக்கு எழுதிய அந்த ஆபீஸ் தமிழ் அன்றைக்குத்தான் முதல் தடவையாக உருப்படியான ஒரு காகிதத்தில் ஏறியது. வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். இனி பார்க்க வேண்டும். பங்குனி அதற்காகக் காத்திருக்காது.

கீழே சின்னசேலத்தில் உறவுக்காரர் யார் வீட்டிலாவது மனைவியைக் கடைசி மாதம் விட்டுவைக்கலாமே என்று லட்சுமணனிடம் கேட்டேன். பள்ளிக்கூடம் போகிற பெரியவளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறாளாம். கிழங்கு மூட்டையில் பிறந்தாளே, அவளை. பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மனு கொடுத்த அன்றைக்கு ராத்திரியே பாய் தன் சொந்தப் பெயரில் அந்தப் பக்கத்தில் எழுதினார். கோப்புக் கட்டு இல்லை, 'தங்கள் மனு' இல்லை. சுத்தம் செய்த இடத்தின் படத்தைப் போட்டு, இப்படி ஒரு ஊர் இருக்கிறது, கர்ப்பிணிப் பெண் இருக்கிறாள், டவர் வேண்டும், வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாதாரணத் தமிழில் கேட்டிருந்தார். அலைவரிசை அலுவலர் என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தது தான்தான் என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாள் நான் கடைக்குப் போனபோது அதற்கு வந்தவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கம் பக்கமாகச் சிரிப்புப் பொம்மைகள். 'தலைவா, இதுதான் உன் பெஸ்ட்.' 'கர்ப்பிணி ட்விஸ்ட் செம.' 'வயிறு வலிக்குது, முடியல.'

பாய் போனை என் பக்கம் திருப்பினார்.

"இதுல சிரிக்கறதுக்கு இன்னா இருக்குது அக்கா?"