சித்தி சொன்ன ஹொல்மன் படம்

எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் டீவிப் பெட்டி இருந்தது எங்கள் வீட்டில் என்றாலும், படம் ஓடியது என்னவோ சித்தியின் வாயில்தான். இங்கிலீஷ் படத்துக்கு அடியில் சிங்கள எழுத்து ஓடும். உக்குவளையில் துணிக்கடை வேலைக்குப் போய்வந்த சித்தி ஒருத்திக்குத்தான் அதை வாசிக்கத் தெரியும். அவள் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்ல, நாங்கள் கேட்டுக்கொண்டே பார்ப்போம். கதாநாயகன் மூச்சுவிடாமல் பேசி முடித்தால், "கோவமா இருக்காராம்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள். "நம்ம வூட்டுல மட்டுந்தான் வெள்ளக்காரன் அளவா பேசுறான்" என்பார் அப்பா.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் போட்டது ஒரு பேய்ப்படம். பேயென்று பெயர்தான், யாரையும் பயங்காட்டத் தெரியாத பேய். விளக்குமாற்றில் ஏறிப் பறக்கப்போய்க் கோழிக்கூட்டுக்குள் விழுந்து எழும்பும். ஹாலோவீன், ஹாலோவீன் என்று படத்தில் ஆளுக்காள் கத்தினார்கள்.

"அது என்னாங்க அது?" என்று கேட்டாள் அம்மா.

"சிங்கள ஆளுக பேய ஹொல்மன்னு சொல்றதில்ல? அதத்தான் வெள்ளக்காரன் நாக்கு பொரளாம ஹாலோவீன்ங்கிறான்" என்றார் அப்பா. அதோடு விட்டாரா? வாசலுக்கு வாசல் பூசணிக்காயில் கண்ணும் வாயும் வெட்டி உள்ளே விளக்கு வைத்திருந்ததைக் காட்டி, "பாத்தியா, கண்ணு பட்டுரக் கூடாதுன்னு அவனும் பூசணிக்காதான் வக்கிறான்" என்றார். இரண்டையும் நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரியாது. திங்கட்கிழமை சித்தி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். சொன்னால் கூரைத் தகரம் பறக்க அழுவேன் என்று, நான் பள்ளிக்கூடம் போன பிறகு கிளம்புவதாகப் பேசிவைத்திருந்தார்கள். நான் சித்தியோடு ஒரே பாயில் தூங்குகிறவள். மற்றவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட, சித்தி மட்டும் சின்னக்குட்டி என்பாள்.

படம் முடிகிற கட்டம். பேய் தன் ஊருக்குப் புறப்படுகிறது. அதன் கறுப்பு அங்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி நிற்கிறாள். பேய் குனிந்து ஏதோ சொன்னது. சித்தி திரையை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்னா சொல்லுது சித்தி? சொல்லுங்க!"

"சின்னக்குட்டி, அழுவாதன்னு சொல்லுது" என்றாள் சித்தி. "தூரமா போறேன், ஆனா வந்துருவேன். வாசல்ல ஒரு வெளக்கு வச்சிரு, எந்த இருட்டுலயும் வூட்ட கண்டுபிடிச்சிருவேன்னு சொல்லுது."

அப்பா செருமிக்கொண்டு வெளியே போனார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்துகொண்டாள். கோழிக்கூட்டில் விழுகிற பேய்க்கா பெரியவர்களுக்கு இவ்வளவு பயம் என்று எனக்குச் சிரிப்பு.

மறுநாள் சந்தையிலிருந்து பூசணிக்காய் வந்தது. அதற்கு மூஞ்சி வெட்டவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். "உள்ள இருக்குறத கறிக்கு குடுத்துட்டு, ஓட்ட வச்சி சித்தியும் மகளும் என்னத்தயாச்சும் பண்ணுங்க" என்றாள் அம்மா. சித்தி கத்தியால் குடைந்து குடைந்து வெட்டியதில் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "அப்பிடியே ஒங்கப்பா தூங்குற மாதிரி இருக்குடி" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், கண்ணில் பூசணிச்சாறு பட்டுவிட்டதென்று எழும்பிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கொடியில் சித்தியின் துணிகள் இல்லை. தகரம் பறக்கத்தான் அழுதேன். அழுது ஓய்ந்ததும் பேய் சொன்னது ஞாபகம் வந்தது. பூசணிக்காய்க்குள் மெழுகுதிரி கொளுத்தி வாசலில் வைத்தேன். அது அழுகி, எறும்பு மொய்த்து, தாடை கழன்று விழுந்த பிறகு ஒரு சிரட்டையில் கொளுத்தினேன். "பேயுக்கு வழிகாட்டுறாளாம்" என்று பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரர்கள் கேலி செய்தார்கள். அம்மா மட்டும் மெழுகுதிரி வாங்கிவந்து போட்டாள்.

இரண்டு வருஷம் என்று போனவள் நான் பெரியவளான சடங்குக்குக்கூட வரவில்லை. குவைத்துக் கம்பளிப் போர்வையும் தானுமாக ஆட்டோவில் வந்து இறங்கியபோது நான் அவளைவிட உயரம். கொளுத்துகிற வெயில். அப்படியும் வாசலில் சிரட்டை விளக்கை ஏற்றிவைத்திருந்தேன்.

போன மாதம் என் மகள் போனில் அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது எனக்கு இங்கிலீஷ் புரியும். கடைசிக் கட்டத்தில் பேய் குனிந்து அந்தச் சிறுமியிடம் கேட்டது, பையில் மிச்சமிருந்த டொபி மிட்டாயை. வேறு ஒரு வார்த்தை இல்லை.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சித்தியைத் திரும்பிப் பார்த்தேன்.

"எழுத்து வெரசா ஓடுச்சுடி. கெடச்சத சொன்னேன்" என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உக்குவளைப் பக்கத்து லயத்தில் ஒருத்தி மட்டும் கூப்பிடுகிற என் பெயர், கடல் தாண்டி இருக்கிற அந்தப் பேய்க்கு எப்படித் தெரிந்தது என்று அன்றைக்கு எனக்குக் கேட்கவே தோன்றவில்லை.