சன்னலில் யாரும் இல்லாத மாலை

கொழும்புக் கப்பலில் வரும்போதே அம்மாவுக்குக் காய்ச்சல். பினாங்கில் இறங்கியதும் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு ஆறு வயது. துறைமுகத்தில் என்னைக் கூட்டிப்போக வந்தவரைப் படத்தில் மட்டுந்தான் பார்த்திருந்தேன். அப்பா. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே யாழ்ப்பாணத்தை விட்டு இங்கே கந்தோரில் கணக்கு எழுதும் வேலைக்கு வந்துவிட்டவர்.

அவருக்குத் தலை பின்னத் தெரியாது. காலையில் கோணல் பின்னலோடு என்னைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுப் போவார். அக்காவின் பிள்ளைகள் விளையாடக் கூப்பிடுவார்கள். நான் வாசலைவிட்டு அசையமாட்டேன். எழுந்து போனால் அந்த நேரம் பார்த்து இவரும் காணாமல் போய்விடுவார் என்று பயம். தட்டில் சோறு பாதி அப்படியே கிடக்கும்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். மதிலோரம் நிற்போம். மாடிச் சன்னலில் ஒரு தாதி அம்மாவைத் தாங்கிப் பிடிப்பாள். அம்மா கையை ஆட்டுவார்.

ஒருநாள் சன்னலில் யாரும் இல்லை. டிராம் மணி இரண்டு தடவை அடித்துக்கொண்டு போயிற்று.

"அம்மா எங்க?"

"தெரியேல்லை, பிள்ளை. எனக்கும் பயமாத்தான் கிடக்கு. உள்ள போய்க் கேட்டுட்டு வாறன்."

"நீங்களும் வராட்டி?"

அவர் குந்தி என் முகத்தைப் பார்த்தார். "வருவன். நல்லதோ கெட்டதோ, வந்து உனக்குச் சொல்லுவன்."

வாசல் காவலாளியின் பக்கத்தில் வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிப் படிகளையே பார்த்தேன். எவ்வளவு நேரமோ. கால் மரத்துப்போயிற்று. கடைசியில் அப்பா ஓடிவந்தார். "பின்பக்கத்துக் கட்டிலுக்கு மாத்திப்போட்டினம். நித்திரை கொள்ளுறா." அவர் வயிற்றில் முகத்தைப் புதைத்து, கப்பலில் அழாத அழுகையெல்லாம் அழுதேன்.

மறுநாள் அக்கா வீட்டில் இரண்டாந்தரம் சோறு கேட்டேன். பிள்ளைகளோடு தெருமுனைவரை ஓடினேன். பாதியில் திரும்பி வந்து வாசலைப் பார்த்துக்கொண்டேன். பிறகு மறுபடியும் ஓடினேன்.

அம்மா வீடு திரும்பியபோது தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கை நீட்டினார். நான் அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"போ பிள்ளை, அம்மாவெல்லோ," என்று அப்பா என்னைத் தள்ளினார்.

"வற்புறுத்தாதையுங்கோ. அவள் தானா வருவாள்," என்றார் அம்மா.

அம்மா அதன்பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்வார். நாளுக்கு நாள் நான் கொஞ்சம் கிட்டப் போனேன். ஒரு மத்தியானம் அந்த முதுகில் என் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அம்மா திரும்பவில்லை. கீரை ஆய்வதை மட்டும் நிறுத்திவிட்டார்.