ஏதாவது ஒரு கீயை அழுத்தவும்

என் மனைவிக்குத் தெருவில் ரிமோட் என்று பெயர். வைத்தது நான், பரப்பியது என் கடைக்கு முடிவெட்ட வருகிறவர்கள். மாடியில் வீடு, கீழே கடை. மேலே ஃபேனைப் போட வேண்டுமென்றாலும் கீழே இருக்கும் எனக்குத்தான் போன் வரும். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்தால் பரம்பரை கௌரவம் போய்விடும் என்பது மாதிரி ஒரு இருப்பு.

வேலையும் அதற்கேற்ற மாதிரியே வாய்த்தது. ஒரு கம்பெனியின் சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறாள். கண்ணால் பார்ப்பது என்று நினைத்துவிடக் கூடாது. ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போனால் வரும் ஊரில், ஏசி அறையில் அவை இருக்கின்றன. இவள் இங்கே சாப்பாட்டு மேஜையில் ஒரு காலை மடித்துப் போட்டபடி அவற்றை ஆட்டி வைப்பாள். என் தொழிலில் தலையைத் தொடாமல் ஒன்றும் நடக்காது. அவள் தொழிலில் மெஷினைத் தொடுவதுதான் கேவலம்.

சர்வர் படுத்துவிட்டாலும் அசர மாட்டாள். அதற்குள் ஒரு சின்ன சிப் மட்டும் தூங்காமல் இருக்குமாம். அதைப் பிடித்துத் தன் லேப்டாப்பில் இருக்கும் ஒரு ஃபைலைக் காட்டுவாள். டிஸ்க் எதுவும் கிடையாது, படுத்த மெஷினை எழுப்புகிற டிஸ்க்கின் நகல்தான். அங்கே இருக்கிற மெஷின் தன் வயிற்றில் யாரோ நிஜமாகவே டிஸ்க் போட்டுவிட்டார்கள் என்று நம்பி எழுந்து உட்காரும். என்னையும் இப்படி நம்ப வைத்துத்தான் கல்யாணம் செய்துகொண்டாள் என்று கடையில் சொல்லிச் சிரிப்பேன்.

அந்தச் சிரிப்புக்கு வேட்டு வைத்தார் புதிதாக வந்த மேனேஜர். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது வேலையே இல்லை என்ற கட்சி அவர். எல்லாரும் சர்வர் இருக்கிற ஊருக்கே, ஆபீஸுக்கு வந்தே தீர வேண்டும் என்றார். கடையைத் தலையில் தூக்கிக்கொண்டு நான் போக முடியுமா? நான் வெட்டுகிற தலையெல்லாம் இந்த ஊரில் இருக்கிறது. அவள் அங்கே ஹாஸ்டலில், நான் இங்கே. வாய் ஓயாமல் அவளைக் கிண்டல் செய்கிறவன்தான் நான். ஆனாலும் அவள் இல்லாத வீட்டுக்கு மாடிப்படி ஏறுவதை நினைத்தால் கடையை மூடவே மனசு வராது போலிருந்தது.

அவள் விடாமல் மல்லுக்கு நின்றாள். கடைசியில் மேனேஜர் இறங்கி வந்தார். ஒரு சர்வர் படுத்துக் கிடக்கிறது, இங்கே யாரும் தொடாமல் வீட்டிலிருந்தே அதை எழுப்பினால் நீ அங்கேயே இருந்துகொள் என்றார். முடியாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். தானே மெஷினின் திரைக்கும் கீபோர்டுக்கும் பக்கத்தில் நின்று பார்க்கப் போவதாகவும் சொன்னார்.

அன்றைக்குக் கடைக்கு லீவு விட்டேன். என்னால் அவளுக்கு நயா பைசா உபயோகம் இல்லை; மூலையில் சும்மா உட்காரச் சொன்னாள். போன் ஸ்பீக்கரில் மேனேஜரின் மூச்சு கேட்டது. இதில் டிஸ்க் போடுகிற ஓட்டையே இல்லையே என்று முதல் சந்தேகத்தைக் கிளப்பினார். தேவையில்லை சார் என்று சொல்லிவிட்டு மெஷினை ரீஸ்டார்ட் செய்தாள்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. டிஸ்க்கிலிருந்து கிளம்பும் முன், ‘ஏதாவது ஒரு கீயை அழுத்தவும்’ என்று மெஷின் ஒரு வரி போடும். உடனே அழுத்தாவிட்டால் டிஸ்க்கை மறந்துவிட்டுப் பழையபடி படுத்துவிடும். எங்கள் வீட்டு இன்டர்நெட்டில் அந்த வரி இங்கே வந்து சேர்வதற்குள் அங்கே காரியம் கெட்டிருக்கும். அதனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வரி வரட்டும் என்று காத்திருப்பதில்லை. முன்கூட்டியே ஸ்பேஸ் பாரைப் போட்டு அடி அடியென்று அடிக்கிறார்கள்.

அவளும் அடித்தாள். முதல் தடவை லைன் திக்கியதில் தவறிப்போனது. இதற்குத்தான் நேரில் வர வேண்டும் என்பது, என்றார் மேனேஜர். மறுபடி ரீஸ்டார்ட். மேஜை ஆடுகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தாள். அப்போது போனில் ‘டக்’ என்று ஒரு சத்தம்.

“அழுத்தச் சொல்லுச்சும்மா. அழுத்திட்டேன்.”

திரையில் டிஸ்க் ஓட ஆரம்பித்தது. மெஷின் எழுந்துவிட்டது. எனக்கு ரத்தம் கொதித்தது. யாரும் தொடக் கூடாது என்று சொன்ன மனிதரே, அந்த வரி கண்ணில் பட்டதும் கை நிற்காமல் தொட்டிருக்கிறார். வாயைத் திறக்கப் போனேன். அவள் என் பக்கம் கையை நீட்டி அடக்கினாள்.

“சரியான நேரத்துல அழுத்தினீங்க சார். இல்லன்னா வந்திருக்காது.”

“அப்போ இந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்தே ஆகணும், இல்லையா?”

போச்சு, தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டாள் என்று நினைத்தேன்.

“கண்டிப்பா இருக்கணும் சார். அதான் நீங்க இருக்கீங்களே.”

அந்தப் பக்கம் மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

“அதுவும் சரிதான். நான் இருக்கேன், நீ அங்கிருந்தே பாரும்மா.”

போனை வைத்ததும் யார் அழுத்தியது எடுபட்டது என்று கேட்டேன். அந்த மெஷினுக்கே தெரியாது என்றாள். எனக்கு ஆறவில்லை. கஷ்டப்பட்டது நீ, பேர் வாங்குவது அவரா, கொஞ்சமாவது ரோஷம் வேண்டாமா என்று குதித்தேன்.

அவள் லேப்டாப்பை மூடினாள்.

“மெஷினைத் தூரத்துல இருந்து பார்த்துக்கலாம். உங்களை முடியாது.”

லீவு விட்டதை மறந்து கீழே போய்க் கடையைத் திறந்தேன்.