கரை ஒதுங்கியவள்

கல்யாணமாகித் திருவொற்றியூருக்கு நான் குடிவந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. என் கணவருக்குத் தீப்பெட்டி ஆலையில் வேலை. எங்கள் தெரு முடிகிற இடத்தில் மணல் தொடங்கும். மணலைத் தாண்டினால் மீனவர் குப்பம். இரண்டுக்கும் நடுவே ஓடு போட்ட ஒற்றை அறை ஒன்றில் ஒரு சாமியார் இருந்தார்.

எனக்கு அவரிடம் பக்தி கிடையாது. என் அப்பா சாமியார்களை வாசலோடு அனுப்பிவிடுகிறவர். அந்தக் குணம் எனக்கும் இருந்தது. ஆனால் நல்ல தண்ணீர்க் கேணி அவர் அறைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. சாயங்காலம் குடத்தோடு போகும்போதெல்லாம் அவர் பேச்சு காதில் விழும். சுற்றிலும் குப்பத்து ஆட்கள், ஆலைக்காரர்கள், எங்கள் தெருப் பெண்கள் என்று ஒரு கூட்டம் மணலில் உட்கார்ந்திருக்கும். மற்ற சாமியார்களைப் போல அவர் உபதேசம் செய்துகொண்டே இருக்கவில்லை. பாதி நேரம் அவர்தான் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்.

கட்டுமரத்துக்கு மரம் கொடுக்கிற பாய் ஒருவர் வண்ணாரப்பேட்டையிலிருந்து வருவார். அங்கே அவருக்கு மரவாடி இருந்தது. குப்பத்தில் சில வேதக்காரக் குடும்பங்கள் இருந்ததால் ராயபுரம் மாதா கோயிலிலிருந்து உபதேசியார் ஒருவரும் வந்து போவார். இந்த இரண்டு பேரையும் சாமியார் லேசில் விடமாட்டார். நோன்பு திறக்கும்போது முதலில் எதைச் சாப்பிடுவீர்கள், அப்போது என்ன சொல்வீர்கள், சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுகிற சாம்பலை எதை எரித்து எடுக்கிறீர்கள் என்று துருவித் துருவிக் கேட்பார். ஒருநாள் கூட்டத்தில் ஒருவர், "எல்லா மதமும் ஒண்ணுதானே சாமி?" என்றார். சாமியார் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணுன்னு உனக்கு எப்படித் தெரியும்? பாய் வீட்டுல என்ன செய்றாங்கன்னு கேட்டிருக்கியா? கேட்டுட்டு வந்து அப்புறம் சொல்லு."

அவர் பேச்சில் தெற்கத்திச் சாயல் இருந்தது. எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது.

யுத்தத்தில் கப்பல்கள் முழுகிய சமயம், எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் பிணங்கள் கரை ஒதுங்கின. எல்லாம் கப்பலாட்கள். எந்த ஊர், எந்த ஜாதி, எந்த மதம் என்று சொல்ல உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது. போலீஸ் ஏட்டும் கிராம முன்சீப்பும் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, புதைத்துவிடச் சொல்லிப் போவார்கள். குப்பத்தார் தொடப் பயந்தார்கள். முதல் பிணம் வந்த அன்று சாமியார்தான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாய்க்கும் உபதேசியாருக்கும் ஆள் அனுப்பினார். அவர்கள் வந்ததும் சொன்னார்:

"இவன் யாருன்னு தெரியல. மூணு பேரும் அவங்கவங்க முறைப்படி செய்யறதைச் செய்வோம். எது அவனோடதோ அது அவனுக்குப் போகட்டும்."

எரிப்பதா புதைப்பதா என்று கேள்வி வந்தது. "புதைச்சா இந்துவுக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது. எரிச்சா மத்தவங்களுக்கு ஆகாது. புதைங்க" என்றார். அதற்கு மேல் அதில் தத்துவம் எதையும் அவர் சேர்க்கவில்லை. அன்றிலிருந்து அது அந்தக் கரையின் வழக்கமாயிற்று. நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தூர நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது. செத்தவனுக்கு என்ன தெரியப்போகிறது என்று வீட்டில் வந்து சொன்னேன்.

சுதந்திரம் வருவதற்கு முந்தின மழைக்காலத்தில் சாமியார் ஜுரத்தில் போய்ச் சேர்ந்தார். சந்நியாசி என்பதால் அறைக்குப் பின்னால் உட்கார்த்திப் புதைத்தார்கள். பாய் வந்திருந்தார். தான் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டு, காட்டிய இடத்தில் கடைசிவரை நின்றார்.

அதற்கப்புறம் காலம் மாறியது. வடக்கே நடந்த வெட்டும் குத்தும் பேப்பரில் வந்தன. பேப்பரில் வராதவை வாய்வழியாக வந்தன. பாய் வருவது நின்றது. மரம் வேண்டுமென்றால் குப்பத்தார் வண்டி கட்டிக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்கே போனார்கள். சாமியாரின் அறையில் எங்கள் பக்கத்து வாலிபர்கள் சிலர் சங்கம் என்று கூட ஆரம்பித்தார்கள். கெட்ட பையன்கள் இல்லை. என் கணவரோடு ஆலையில் வேலை செய்கிறவர்கள்தான். ஆனால் அவர்கள் பேச்சில் 'நாம', 'அவங்க' என்ற இரண்டு வார்த்தைகள் அடிக்கடி வந்தன.

மறு வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, ஐப்பசிப் புயலுக்குப் பிறகு ஒரு காலையில் எதிர்வீட்டு வாசலில் மீன் விற்கிற அக்கா கூடையில்லாமல் ஓடிவந்தாள். குப்பத்திலேயே பெரிய தொண்டை அவளுக்கு. சாமியார் இருந்தவரை அவருக்குச் சோறு பொங்கிக் கொடுத்தவள்.

"தங்கச்சி, ஒரு பொம்பள ஒதுங்கிக் கீது. வா."

அதுவரை பெண் யாரும் ஒதுங்கியதில்லை. நான் ஏன் போனேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவள் கூப்பிட்ட விதத்தில் மறுக்க இடமில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அலை தொட்டுப் போகிற இடத்தில் கிடந்தாள். மேலே யாரோ கிழிந்த படகுப் பாய்த் துணியைப் போட்டிருந்தார்கள். முகத்தைப் பார்க்க முடியாது. கழுத்தில் ஒன்றும் இல்லை. கால்விரல் ஒன்றில் மெட்டி மாதிரி ஒரு வளையம். முன்கையில் பச்சை குத்தியிருந்தது. என்ன உருவம் என்று தெரியாதபடி தோல் உப்பிப் போயிருந்தது. இடுப்புக்குக் கீழே வருகிற அளவு தலைமுடி, மணலும் பாசியுமாகச் சிக்கிக் கிடந்தது.

ஏட்டும் முன்சீப்பும் வந்து போய்விட்டார்கள். சங்கத்து வாலிபர்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் உயரமானவன் சொன்னான்:

"மெட்டி இருக்கு, பச்சை இருக்கு. நம்ம பொம்பளதான். நாமளே எடுத்து எரிச்சிடலாம். யாரையும் கூப்பிட வேணாம்."

"மெட்டின்னு கண்டியா நீ? வெறும் வளையமா இருந்தா?" என்றாள் அக்கா.

"பார்த்தா தெரியலையா?"

"எனக்குத் தெர்ல. சாமியார் இருந்தா இன்னா சொல்லியிருப்பாரு? தெரிஞ்சா தெரியும்னு சொல்லு, தெர்லன்னா தெர்லன்னு சொல்லுன்னுவாரு."

"அது அந்தக் காலம். இப்ப அவங்கள்ல எவன் நம்மளக் கூப்பிடறான்?"

குப்பத்துப் பெரியவர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா அவரிடம், "நா பாய் வூட்டுக்குப் போயிட்டு வரேன். அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது" என்றாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

ஜட்காவில் டோல்கேட் தாண்டி வண்ணாரப்பேட்டைக்குப் போனோம். பாயின் வீடு மரவாடிக்குப் பின்புறம். அக்கா சொன்னதைப் பாய் வாசலிலேயே நின்று கேட்டார். முகம் வாடிவிட்டது.

"நான் வந்தா கலாட்டா ஆகும்மா. ஆணா இருந்தாலாவது தூர நின்னு துஆ கேட்டுட்டு வந்துடுவேன். பொம்பளை மய்யித்து. நான் என்ன செய்ய முடியும்?"

திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "குளிப்பாட்ட நான் போறேன்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"உங்க சாமியார் ஒரு தடவை உங்ககிட்டக் கேட்டாரே, செத்த பொம்பளையை உங்கள்ல எப்படிக் குளிப்பாட்டுவாங்கன்னு. உங்களுக்குத் தெரியல. வூட்டுக்கு வந்து என்னைக் கேட்டீங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல மார்க்கத்துல ஒரு விஷயம்னு எங்கிட்ட நீங்க கேட்டது அன்னிக்கு ஒருநாள்தான்." சொல்லிக்கொண்டே வெளியே வந்தார். மெலிந்த உடம்பு. கையில் மடித்த வெள்ளைத் துணி. "அந்தச் சாமியாரை நான் பார்த்ததேயில்லை. அவருக்குச் சொன்ன பதிலை ஒரு தடவையாவது செஞ்சு காட்டணும் இல்ல?"

பாய் அதற்கப்புறம் தடுக்கவில்லை. அவரும் ஜட்காவில் முன்னால் ஏறிக்கொண்டார். வழியில் ராயபுரத்துக்கு ஆளனுப்பி உபதேசியாருக்கும் சொல்லிவிட்டோம்.

கரையில் ஓலைத் தட்டிகளை நிறுத்தி மறைப்புக் கட்டினோம். உள்ளே நான், அக்கா, பாயின் மனைவி பாயம்மா என்று மூன்று பேர். கேணியிலிருந்து நான் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். அக்கா உடம்பைப் புரட்டிப் பிடித்தாள். பாயம்மா கையில் துணி சுற்றிக்கொண்டு கழுவினார். வலப்பக்கம் முதலில், பிறகு இடப்பக்கம். உடம்பின் மேல் எப்போதும் ஒரு துணி இருந்தது. அதை விலக்காமலேயே கழுவினார். என் கவனம் முழுக்க அவர் கைகளில் இருந்தது.

தலைமுடிக்குத்தான் நேரம் பிடித்தது. சிக்கெடுக்கவே முடியாது, அறுத்துவிடலாம் என்றேன். பாயம்மா கேட்கவில்லை. விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார். மணல் போன பிறகு மூன்று பின்னலாகப் பின்னி முதுகுக்குப் பின்னால் விட்டார்.

"எங்கள்ல இப்படித்தான்" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "உங்கள்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"மஞ்சளும் பூவும் வைப்போம்."

"வைங்க."

அக்கா வைத்தாள்.

வெளியே வாலிபர்கள் ஏதோ சத்தம் போட்டார்கள். "பேஜாரு பண்ணாதீங்கடா, உள்ள பொம்பளைங்க கீறோம்" என்று அக்கா தட்டிக்கு உள்ளிருந்து கத்தினாள். சத்தம் அடங்கியது. குழி தோண்டும்போது ஈர மணல் சரிந்துகொண்டேயிருந்தது, ஆள் போதவில்லை. வாலிபர்களில் இரண்டு பேர் வந்து மண்வெட்டி பிடித்தார்கள். உயரமானவன் வரவில்லை. உபதேசியார் ஜெபம் படித்தார். பாய் கைகளை ஏந்தி நின்றார். சாமியாருக்குப் பதிலாக யார் என்று ஒரு கணம் தயங்கினோம். குப்பத்துப் பெரியவர் தனக்குத் தெரிந்த தேவாரத்தில் பாதியைப் பாடினார்; மீதி மறந்துவிட்டது.

நாலைந்து நாளில் மழை விட்டதும் பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். கால்வாயில் விறகுப் படகு ஓட்டுகிறவர். புயலன்று வெள்ளம் படகை எண்ணூர் முகத்துவாரத்துக்கு அடித்துக்கொண்டு போனதாம். அவர் நீந்தித் தப்பித்தார், மனைவி போய்விட்டாள். பச்சை, மெட்டி, முடி எல்லாம் பொருந்தின. தெலுங்கு கலந்த தமிழில் பேசினார். இந்துதான். இன்ன சாமி கும்பிடுகிறவர்கள் என்றுகூடச் சொன்னார்.

உயரமானவன், "நாங்க அப்பவே சொன்னோம்ல?" என்றான். அவன் சொன்னது சரிதான்.

அக்கா அந்த மனிதரிடம் எதையும் மறைக்கவில்லை. எரிக்காமல் புதைத்தோம், குளிப்பாட்டியது துலுக்க வீட்டு அம்மா என்று நேராகச் சொன்னாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர், "அந்த அம்மாவைப் பார்க்கணும்" என்றார்.

மறுபடி வண்ணாரப்பேட்டைக்குப் போனோம். எனக்குப் பயம்தான். பாயம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு திரையோரம் நின்றார். படகுக்காரர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவ தலைமுடி என்னாச்சும்மா? அறுத்துட்டீங்களா?"

"இல்லை. சிக்கெடுத்துப் பின்னிவிட்டேன். மூணு பின்னல். பூவும் வச்சிருந்துச்சு."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். பாய் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தார். தோண்டியெடுத்து எரிக்க வேண்டுமா என்று நான்தான் கேட்டேன். வேண்டாம், பத்தாம் நாள் காரியம் மட்டும் தங்கள் முறையில் செய்துகொள்வதாகச் சொன்னார். அதை அந்தக் கரையிலேயே செய்தார். சங்கத்து வாலிபர்கள் அரிசியும் வாழைக்காயும் வாங்கிக் கொடுத்தார்கள்.

அவர்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. சங்கம் கொஞ்ச நாளில் கலைந்தது. அவரவருக்குக் குழந்தை குட்டி ஆயிற்று. சாமியாரின் அறையில் வலை போட்டு வைத்தார்கள். பின்னால் கடல் அரித்து அதன் பாதிச் சுவர் விழுந்தது. ஆனால் அடுத்த தடவை ஒரு பிணம் ஒதுங்கியபோது பாய்க்கு யார் சொல்லியனுப்புவது என்று யாரும் விவாதிக்கவில்லை. ஆள் போய்விட்டிருந்தான்.

சில வருஷங்கள் கழித்துப் பாய் காலமானார். செய்தி கேட்டு நானும் அக்காவும் போனோம். புருஷன் போன பிறகு வீட்டுக்குள்ளேயே இருக்கிற இத்தாவில் பாயம்மா இருந்தார். வெளி ஆண்கள் பார்க்கக் கூடாது, பெண்கள் போகலாம் என்றார்கள். அக்கா வியாபாரத்திலிருந்து நேராக வந்தவள், கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு நிலைப்படியிலேயே தயங்கினாள்.

"பாயம்மா, மீன் நாத்தத்தோட உள்ள வரலாமா? உங்கள்ல அதுக்கு ஏதாவது கீதா?"

வெள்ளை உடுத்தி மூலையில் உட்கார்ந்திருந்த பாயம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அந்த வீட்டில் அன்று முதல் தடவையாக ஒருவர் சிரித்தது அப்போதுதான் என்று அவர் மருமகள் பிறகு சொன்னாள்.

"அதுக்கெல்லாம் ஒண்ணும் இல்லை. என்ன மீன் கொண்டாந்தே?" என்றார்.