அக்கா பிரித்துப் பிரித்துத் தைத்த போர்வை

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் பை தைப்பவரிடம் அடித்த மெஷின் எண்ணெய் வாசனை, திண்டிவனத்தில் நாங்கள் குடியிருந்த தகரக் கொட்டகைக்கு என்னை இழுத்துப்போனது. அங்கே இப்போது கார்கள் நிற்கின்றன. மார்கழியில் தகரத்திலிருந்து பனி சொட்டும். எங்களிடம் போர்வை கிடையாது. தையல்கடையில் கழித்துப்போட்ட, அதே எண்ணெய் வாசனை வீசும் துண்டுத்துணிகளை அள்ளிவந்து அக்கா ஒரு போர்வை தைக்க உட்கார்ந்தாள். தைப்பாள், தள்ளி நின்று பார்ப்பாள், உதட்டைப் பிதுக்கிப் பிரிப்பாள், மறுபடி தைப்பாள்.

“எதையாச்சும் வெச்சித் தச்சிக் குடுக்கா, குளிருது!”

“பச்சைக்குப் பக்கத்துல பச்சையா வெப்பாங்க? பேஜாரு பண்ணாம படுடா.”

எரிச்சலோடு நானும் தம்பியும் நிலக்கடலைத் தோல் ஒட்டிய மல்லாட்டைக் கோணிக்குள் நடுங்கினோம். சித்திரையில், அனல் கக்கும் தகரத்தின் கீழ் அவள் அதை விரித்தபோது அதன் அழகில் வாயைப் பிளந்தோம்.

“போத்திக்கினு நில்லுங்கடா, பாக்கறேன்.”

வேர்த்து ஊற்ற, இருவரும் போர்த்திக்கொண்டு நின்றோம்.