ஒரு மாதம் போய்ப் பார்த்துவிட்டு வா

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். நான் படித்தது நாலாம் வகுப்பு. அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் என் பிழைகளைத் தயவுசெய்து திருத்திக்கொள்ள வேண்டும். அவர் கண்ணுக்கும் தப்பியதை, வாசிக்கும் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்கா காலமான பதினாறாம் நாளன்றே அவர்கள் மகள் மீனா, "மாமா, அம்மாவப் பத்தி நீங்கதான் எழுதணும். கூடவே இருந்தது நீங்கதான" என்று கேட்டாள். சரி என்று தலையாட்டிவிட்டு ஒரு வருடம் ஓட்டிவிட்டேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே எனக்கு வேர்த்துவிடும். எழுதுவதும் அப்படித்தான் என்று இப்போது தெரிகிறது.

அக்கா பிறந்தது யானைமலைக்குப் பக்கத்தில், ஒத்தக்கடையில். அக்கா மூத்தவர்கள். அடுத்தது பெருமாள் அண்ணன். கடைசி நான். அக்காவை மதுரை டவுனுக்குள் கட்டிக்கொடுத்தார்கள். அத்தானுக்கு மரவேலை என்றால் உயிர். ஆனால் அவருடைய அப்பா பிடிவாதமாக ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்த்துவிட்டார். காலையில் சட்டையை மாட்டும்போதே அத்தானின் முகம் வாடிவிடும் என்று அக்கா சொல்வார்கள். மீனா தவழும் வயதில் அத்தான் காய்ச்சலில் போய்விட்டார்.

அழுது முடித்த பிறகு அக்கா அடுப்பைப் பெரிதாகக் கட்டினார்கள். தெற்குமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். வெளியூரிலிருந்து உத்தியோகத்துக்காக மதுரையில் தங்கியிருந்த வக்கீல், டாக்டர், ரோடு ஓவர்சியர், பள்ளிக்கூட வாத்தியார்மார் எல்லாரும் அக்காவின் வத்தக்குழம்புக்கு அடிமை. அடுக்குப் பாத்திரத்தில் சோறு கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பு முடிந்ததும் டவுனைப் பார்க்க அக்கா வீட்டுக்கு வருவார்கள். பெரியவனாகி என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டால், அப்பா சொன்னதைத்தான் சொல்வார்கள். அக்காவுக்கு அது பொறுக்காது. சாப்பிட உட்கார்ந்தவரிடம் கரண்டியோடு போய் நிற்பார்கள்.

"வக்கீலய்யா, இவன் எங்க சித்தப்பா பேரன். ஒரு மாசம் ஒங்க கூட வச்சுக்கங்க. சம்பளம் வேண்டாம். திட்டணும்னா திட்டுங்க. ஆனா வாசல்ல உக்கார வைக்காதீக, வேலையக் காட்டுங்க."

குழம்பு இலையில் விழாமல் கரண்டியிலேயே நிற்கும்போது யார்தான் மாட்டேன் என்று சொல்ல முடியும்?

ஒருமுறை வக்கீல் ஐயா பையனைக் கோர்ட்டுக்குள் அழைத்துப் போகாமல் வெற்றிலை வாங்கவே அனுப்பிக்கொண்டிருந்தார். அது அக்கா காதுக்கு எட்டிவிட்டது. மறுநாள் அவர் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்பளம் எங்கப்பா?" என்று என்னைக் கேட்டார்.

 "பையன் கோர்ட்டுக்குள்ள போனப்புறம் தாரேன்னு அக்கா சொல்லுச்சுங்க" என்றேன். அவர் அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று சாயங்காலமே பையன் கோர்ட்டுக்குள் இருந்தான்.

மாதம் முடிந்து வந்ததும் பிள்ளைகள் அக்காவிடம் பதில் சொல்ல வேண்டும். இந்த வேலை எனக்கு வேண்டாம் அத்தை என்று சொன்னவர்களுக்கு அன்று பாயசம் வைப்பார்கள். வேண்டாம் என்று தெரிந்ததில் எத்தனையோ வருடம் மிச்சமாம். பிடித்திருக்கிறது என்று சொன்னவர்களுக்கு வெறும் ரசம் சோறுதான். வில்லாபுரத்துப் பெரியம்மா பேத்தி, பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவோடு ஒரு மாதம் இருந்துவிட்டு, குதித்துக்கொண்டு வந்தாள். "பிடிச்சிருக்கா? அப்ப ரசத்த ஊத்திக்க. ஒனக்கு இனிமேத்தான பாடு" என்றார்கள் அக்கா. அந்தப் பெண் இன்று வாத்தியாரம்மா.

இந்தப் பாயச வழக்கம் பெருமாள் அண்ணனுக்குத் தெரியாது. அவர் வயலை விட்டு வருவதே அபூர்வம். அதனால் நடந்ததை அண்ணனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுடா, எனக்கென்ன வெக்கம்" என்று சொல்லிவிட்டார்.

அண்ணனுக்கு ஒரே மகன் சோமு. அவனை டாக்டராக்க வேண்டும் என்று அண்ணனுக்கு அவன் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே ஆசை. பட்டணத்துக்கு அனுப்பிப் படிக்கவைக்க, கண்மாய்க்குக் கீழே இருந்த நல்ல வயலை விற்பதென்று முடிவு செய்துவிட்டார். எங்கள் அப்பா விட்டுப்போனதில் மிஞ்சியது அந்த வயல்தான். வாங்குகிறவரும் தயார். சோமு அப்போது அக்கா வீட்டில் இருந்து, டாக்டர் ஐயாவின் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தான்.

பத்திரம் பதிய இருந்ததற்கு முந்தின நாள் மத்தியானம் அண்ணன் வந்தார். வாசலிலேயே ஏலக்காய் வாசனை.

"என்னக்கா, பாயசமா! பய டாக்டர்கிட்ட நல்ல பேரு வாங்கிட்டானா? எனக்குத் தெரியும்டா!" என்று சோமுவைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார். சோமு தலையைக் குனிந்துகொண்டான். நான் தண்ணீர் மொண்டு வருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன். அண்ணன் பாயசத்தை டம்ளர் டம்ளராகக் குடித்தார்.

"பெருமாளு, குடிச்சது எறங்கட்டும், சொல்றேன்" என்றார்கள் அக்கா. பிறகு சொன்னார்கள்.

டாக்டர் ஐயா ஒருவருக்குக் கட்டி அறுத்திருக்கிறார். பக்கத்தில் பீங்கான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்த சோமு அப்படியே சாய்ந்திருக்கிறான். கட்டி அறுக்கப் படுத்திருந்தவரே எழுந்து இவனைத் தாங்கிப் பிடித்தாராம். அது முதல் நாள். கடைசி வாரம் வரை அதே கதைதான். இந்த வேலை வேண்டாம் என்று அவன் சொன்னதற்குத்தான் இந்தப் பாயசமாம்.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அதுக்குப் போயி பாயசமா? ரத்தமெல்லாம் பாக்கப் பாக்கப் பழகிரும்க்கா. அம்புட்டு டாக்டரும் பொறந்த அன்னைக்கே கத்தியப் பிடிச்சானா? நாளைக்குப் பத்திரம். நான் பேச்சு மாற மாட்டேன்."

"மாற வேணாம். காலையில தம்பி சாப்பாடு கொண்டுபோவான். அவன்கூட ஆஸ்பத்திரிக்குப் போயி, அங்க என்ன நடக்குதுன்னு நீயும் பாரு. பாத்துட்டு நேரா பத்திரத்துக்குப் போ."

போனோம். அண்ணன் மயங்கி விழுவார் என்றுதான் நான் பயந்தேன். அக்காவும் அதைத்தான் எதிர்பார்த்தார்களோ என்னவோ. ஆனால் நடந்தது வேறு.

அவனியாபுரத்திலிருந்து வண்டிக்காரர் ஒருவரைத் தூக்கி வந்திருந்தார்கள். சக்கரம் ஏறிக் கால் கிழிந்திருந்தது. அவர் போட்ட கூச்சலில் நானே சுவரோடு சுவராக ஒட்டிவிட்டேன். அண்ணன் நேராகப் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஏ மாப்ள, இதுக்கா இந்தச் சத்தம்? ஒம் மாடு கேட்டா சிரிக்கும். என்னயப் பாரு, காலப் பாக்காத" என்றார். வலியிலும் அந்த மனிதர் சிரித்தார். டாக்டர் ஐயா தைத்து முடிக்கிற வரைக்கும் அண்ணன் பிடித்த பிடியை விடவில்லை. ஊசி போகிற இடத்தைக் குனிந்து குனிந்து பார்த்தார். எதற்காக அந்த மருந்து, எத்தனை நாளில் காயம் கூடும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

டாக்டர் ஐயா கை கழுவிக்கொண்டே, "ஒங்க மகனுக்குப் பதிலா ஒங்களையே அனுப்பியிருக்கலாம் போலிருக்கே" என்றார்.

 வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன், "அக்கா, நான்ல டாக்டருக்குப் படிச்சிருக்கணும்!" என்றார்.

"ஆமாடா. அந்த ஆச ஒன்னோடது. அவனோடது இல்ல" என்றார்கள் அக்கா.

 அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். சோமுவும் சிரித்தான்; அவன் கண்ணில் தண்ணீர். "ஒனக்கு என்னடா வேணும்?" என்று அண்ணன் அவனை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

"தெரியலப்பா."

"தெரியலேன்னா ஓவர்சியரய்யா இருக்காரு, அவர்கூடப் போயிப் பாக்கட்டும்" என்றார்கள் அக்கா. அண்ணன் பத்திர ஆபீசில் காத்திருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஊருக்குப் போனார்.

சோமு ஒரு மாதம் வெயிலில் சங்கிலி பிடித்து ரோடு அளந்தான். ஆளே கரியாகி, முட்டி வரைக்கும் சேறோடு வந்து நின்றான். வாயெல்லாம் பல். அக்கா எதுவும் கேட்கவில்லை; ரசத்தை எடுத்து ஊற்றினார்கள். சர்க்கார் கொடுத்த உபகாரச் சம்பளத்திலேயே படித்து அவன் இன்று வாய்க்கால் வேலையில் ஓவர்சியராக இருக்கிறான்.

அக்கா படுத்தது கொஞ்ச நாள்தான். படுக்கையிலும் பேச்சு அதேதான். "கோட லீவுக்கு யாரு வாரா? டாக்டரய்யாகிட்டச் சொல்லிட்டியா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அக்கா போன பிறகு, என் வாழ்நாளில் முதல் தடவையாக நானே கேட்கப் போனேன். அடுக்குப் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தேன். டாக்டர் ஐயாதான், "பையனா, பொண்ணா? நாளைக்கே வரச்சொல்லுங்க" என்றார்.

அக்கா படுக்கையில் இருந்தபோது காசு வாங்காமல் வைத்தியம் பார்த்த டாக்டர் ஐயாவுக்கும், வீட்டு விவகாரத்தைத் தீர்த்துக் கொடுத்த வக்கீல் ஐயாவுக்கும், இரவும் பகலும் பார்த்துக்கொண்ட மீனாவுக்கும், தோள் கொடுத்த ஓவர்சியர் சோமுவுக்கும், துக்கத்தில் பங்குகொண்ட எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெருமாள் அண்ணனுக்குத் தனியாக ஒரு நன்றி. அரிசிக்குத் தட்டுப்பாடான இந்த வருடத்தில், அக்காவின் திதிக்கு வந்த உங்களுக்கு இன்று இலையில் விழுகிற சோறு, அண்ணன் விற்காமல் வைத்திருந்த அந்த வயலில் விளைந்தது. கூச்சப்படாமல் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

மதுரை,
விய வருடம், மாசி மாதம், வெள்ளிக்கிழமை.