ஐந்தாவது படத்தின் ஜன்னல்

பேய், சகுனம் எதையும் நம்புகிற ஆள் நானில்லை. பாதி ஆயுளை டார்க் ரூமில் கழித்தவனுக்கு இருட்டில் என்ன பயம். நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு சந்தில் நானும் துரைசாமியும் கூட்டாக ஸ்டுடியோ வைத்திருந்தோம். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள், என் மகளுக்குப் பெயர் வைத்ததே அவன்தான். கட்டடம் காதர் பாயுடையது. கீழே வரிசையாகக் கடைகள், அதில் ஒன்று நாங்கள் வாடகைக்கு எடுத்தது; மாடியில் அவர் வீடு. துபாயிலிருக்கும் மகனுக்கு அனுப்ப முகப்பு முழுவதும் ஒரே படமாக வேண்டும் என்றார். சந்தோ பத்தடி அகலம்; எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் மூன்று ஜன்னலுக்கு மேல் கேமராவில் அடங்காது. அதனால் ஸ்டாண்டை நகர்த்தி நகர்த்தி, ஒரு படத்தின் ஓரம் அடுத்ததிலும் வருகிற மாதிரி ஒன்பது படம் எடுத்தேன். காலை வெயில் லென்சில் விழாமல் துரை பக்கத்திலேயே நின்று குடை பிடித்தான், ஒன்பதுக்கும்.

மறுநாள் பிரிண்டுகளை மேசையில் பரப்பி, பிளேடால் ஓரம் வெட்டி ஒட்டிக்கொண்டு வந்தேன். ஐந்தாவது படத்தின் மாடி ஜன்னலில் துரை இருந்தான். ஜன்னல் விளிம்பில் காகிதம் வைத்துக் கையெழுத்துப் போடுகிறான், அருகில் காதர் பாய். அதே ஜன்னல் ஆறாவது படத்தின் ஓரத்திலும் வந்திருந்தது. அதில் யாருமில்லை.

துரையைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான்.

"நான் உன்ற பக்கத்துலதானப்பா நின்னேன். பிலிம்ல ஏதோ கோளாறு. ஆறாவதை மேல வெச்சு ஒட்டிப்போடு."

ஒட்டிவிட்டேன். அவன் முகம் வெளுத்ததைப் பயம் என்றுதான் நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, சோமனூரில் ஒரு கல்யாணத்தைப் படமெடுத்துவிட்டு மறுநாள் கடைக்கு வந்தால் பூட்டு மாறியிருந்தது. மாடியேறிப் போய்க் கேட்டேன். காதர் பாய் திகைத்துப்போனார்.

"ஏனுங்க தம்பி, நீங்க வெலகிக்கிறீங்கன்னு துரைசாமி சொல்லி, நேத்துக் காலைல அவரு பேருக்கு மட்டும் கடைய எழுதிக்கிட்டாருங்களே. இந்த ஜன்னல்கிட்டத்தான் கையெழுத்துப் போட்டாரு. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

துரையிடம் சண்டைக்குப் போகவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஐந்தாறு வருடம் பேச்சில்லை. பிறகு அவிநாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவனே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். அவனுக்குத்தான் ஆத்திரம் வந்தது.

"நீ தடுக்கலையேப்பா. கையெழுத்துப் போடறப்ப எட்டிப் பாத்தேன். கீழ சந்துல ஸ்டாண்டு போட்டு என்னையத்தான் படம் புடிச்சுட்டிருந்தே. கை காட்டுனேன். நீயும் சிரிச்சுட்டே கை காட்டுனே. இப்ப வந்து என்னைய மட்டும் கேக்கறே."

அவன் கண்ணில் பொய்யில்லை, அதுதான் என்னைக் கலக்கியது. மறுவாரமே சோமனூர் போய், அவன் கையெழுத்துப் போட்ட காலையில் நான் எடுத்த அந்தக் கல்யாண ஆல்பத்தை வாங்கிப் புரட்டினேன். விடிகாலையிலிருந்து பந்தி முடியும்வரை வரிசையாக இருக்கிறது. ஒரு படம்கூட விட்டுப்போகவில்லை, எல்லாம் நான் எடுத்தவை.